விரல் வைத்த பிறகு

"சோப்பு வரிசையில ஒரு நெட்டையான அம்மா நிக்கறாங்க. உப்பு எங்க இருக்குன்னு கேட்டா, தெரியாதுங்கன்னு சொல்லிட்டு ஒரு பக்கமா புருவத்த மட்டும் தூக்கறாங்க. வேலைக்கு ஆள் வைக்கும்போது இதெல்லாம் சொல்லிக் கொடுக்க மாட்டீங்களா?"

கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் பில் போடும் மேசையில் வந்து இப்படிக் குறைப்பட்டுக்கொண்டார். பில் போடும் பெண் தலையை நிமிர்த்தாமல், "அவங்க கஸ்டமரா இருப்பாங்க சார்" என்றாள். சொல்லிவிட்டு, பக்கத்தில் மிட்டாய்த் தட்டை நிரப்பிக்கொண்டிருந்த சில்லறை என்பவளை ஓரக்கண்ணால் பார்த்தாள். சில்லறை மிட்டாய்களின் மேல் குனிந்துகொண்டாள். அந்த வாரம் இதே குறையைச் சொன்னவர்களில் இவர் முதல் ஆளுமில்லை, கடைசி ஆளுமில்லை. எல்லாரும் சொன்னது ஒரே வரிசை, ஒரே பதில், ஒரே புருவம்.

அந்த நெட்டையம்மா சில்லறையின் அண்ணி. அவள் செத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

சில்லறை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆள் குள்ளம், பேச்சு கலகல என்று இருக்கும், அதனால் அண்ணி வைத்த பெயர். அண்ணிதான் அவளைக் கையைப் பிடித்து இந்தக் கடைக்கு அழைத்து வந்தாள். கூடவே அந்தப் பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. கடை என்றால் தெருமுனைக் கடை இல்லை. ஊசியிலிருந்து குளிர்சாதனப் பெட்டிவரை விற்கும் மூன்று மாடிக் கடை, போகிற ஊரெல்லாம் கிளை. அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் சமைத்து, ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே ஆணியில் கடைச் சீருடைக் கோட்டை மாட்டினார்கள். நாத்தனாரோடு இப்படி ஒட்டிக்கொண்டு திரிகிறாளே என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். "சண்ட போட எங்களுக்கு எங்கடி நேரம் இருக்கு?" என்பாள் அண்ணி.

போன வருஷம் அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியது. மணிக்கு இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்று சட்டம். அந்தச் செய்தி வந்த அன்று கோட்டு மாட்டும் அறையில் எல்லாரும் டீ வாங்கிக் குடித்தார்கள். "சில்லறை, இனிமே உன்ன நோட்டுன்னு கூப்பிடலாம்டி" என்றாள் அண்ணி. அடுத்த வாரமே எட்டு மணி நேர ஷிப்ட் ஆறு மணி நேரமாகச் சுருங்கியது. மணிக்குக் கூலியை ஏற்றச் சொன்ன சட்டம், மணியைக் குறைக்காதே என்று எங்கேயும் சொல்லவில்லையாம். கையில் வந்த சம்பளம் பழைய சம்பளம்தான். "சில்லறை சில்லறையாவே இருந்துட்டா" என்று அண்ணியே சிரித்தாள்.

மணி குறைந்ததே தவிர, லாரியில் வந்து இறங்கும் பெட்டி ஒன்றும் குறையவில்லை. அதற்கு வழி கண்டுபிடித்தவர் மாடி மேற்பார்வையாளர். "முகத்துல ஒரு புன்னகை இருக்கட்டும்மா" என்று எதற்கெடுத்தாலும் சொல்வதால் அவருக்குப் பெயர் புன்னகை. சத்தம் போடுகிற ஜாதி இல்லை அவர். சத்தம் போடுகிறவனைச் சமாளித்துவிடலாம்.

"ஷிப்ட் முடிஞ்சதும் விரல் மெஷின்ல விரல் வச்சிடுங்க. வச்சிட்டு, மிச்சம் இருக்கறத கொஞ்சம் முடிச்சுக் கொடுத்துட்டுப் போங்க. கட்டாயமே இல்ல. ஆனா அடுத்த மாச ஷிப்ட் போடறப்போ, யார் யார் மனசு வச்சாங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கும்."

விரல் வைத்துவிட்டால் வருகைக் கணக்குப்படி ஆள் வீட்டுக்குப் போயாகிவிட்டது. வீட்டுக்குப் போனவள் கடைக்குள் எப்படி இருப்பாள்? அதற்கும் அவரிடம் ஏற்பாடு இருந்தது. கோட்டைக் கழற்றிவிட வேண்டும். சொந்தச் சேலையில், ஒரு தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, சாமான் வாங்க வந்தவள் போல நடக்க வேண்டும். வண்டியிலிருந்து பொருளை எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். காமெராவில் பார்த்தால் யாரோ ஒருத்தி பொருளை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கிறாள், அவ்வளவுதான். யாராவது வந்து அது எங்கே இது எங்கே என்று கேட்டால் ஒரே பதில்: தெரியாதுங்க. வாய் தவறி வழி சொல்லிவிட்டால், அடுத்த மாதம் ஷிப்ட் பாதியாகிவிடும்.

அந்த நேரத்துக்குப் பேய் நேரம் என்று பெயர் வைத்ததும் அண்ணிதான். விரலை வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றி மாட்டும்போது, "செத்தாச்சு. வாங்கடி, கொஞ்ச நேரம் ஆவியா உலாவிட்டு வரலாம்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தக் கடையில் எந்த மூலையில் எந்தப் பொருள் இருக்கிறது என்று அண்ணிக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். தெரிந்துகொண்டே தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அதனால் வாய் தெரியாதுங்க என்று சொல்லும்போதே, புருவத்தைச் சரியான பக்கம் தூக்கிக் காட்டிவிடுவாள். சூட்டிகையானவர்கள் அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொள்வார்கள். "வாய்க்குத்தானே தடை, புருவத்துக்கு இல்லையே" என்பாள்.

அவளுடைய கடைசி நாளன்றும் விரல் வைத்தாகிவிட்டது. அண்ணி சோப்பு வரிசையில் மேல் தட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள். மேல் தட்டு என்றால் அவள்தான். மற்றவர்கள் ஏணி தேட வேண்டும்; அவளுக்குக் கீழ்த் தட்டின் விளிம்பில் ஒரு காலை வைத்து எம்பினால் போதும். காலையிலிருந்து அவள் உட்காரவில்லை. உட்கார அந்த மாடியில் ஒரு முக்காலிகூடக் கிடையாது. துணி சோப்புப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கியவள், தூக்கியபடியே கண் செருகிப் பின்னால் சாய்ந்தாள். தள்ளுவண்டியின் இரும்பு விளிம்பில் பின்னந்தலை மோதியது. சத்தம் அடுத்த வரிசைவரை கேட்டது.

சில்லறை தன் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி வந்தாள். அதற்குள் நாலைந்து பேர் சூழ்ந்துவிட்டார்கள். குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து, "ஏம்மா, இவங்க யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று அவளைக் கேட்டார்.

"தெரியாதுங்க."

வாய்தான் சொன்னது. தினமும் அதையே சொல்லிப் பழகிய வாய். மனசு வந்து சேருவதற்குள் சொல்லி முடித்துவிட்டது. ஐயோ என்று அவள் திருத்த வாயெடுத்தபோது புன்னகை வந்து சேர்ந்துவிட்டார். "கஸ்டமர் ஒருத்தங்க மயங்கி விழுந்துட்டாங்க. கொஞ்சம் வழி விடுங்க, காத்து வரட்டும்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு அவளுக்கு மட்டும் கேட்க, "நீ விரல் வச்சிட்ட. நீ இங்க இல்ல. புரியுதா?" என்றார்.

அண்ணிக்குக் கண் திறந்திருந்தது. அவள் சில்லறையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இடது புருவத்தை மெல்லத் தூக்கினாள். நாத்தனார் சொன்னது அவள் காதில் விழுந்ததா? விழுந்து, சரியாகத்தான் சொன்னாய் என்கிறாளா? இல்லை, வேறு எதையாவது காட்டுகிறாளா? யோசிப்பதற்குள் ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து தூக்கினார்கள். "கூட வர்றவங்க யாரு?" என்று கேட்டார்கள். அண்ணி தனியாகவே போனாள். சில்லறை பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துணைக்கு ஆளில்லாமல் வந்த கேஸ் என்று ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்பெனியிலிருந்து இரண்டு பேர் மடிப்புக் கலையாத சட்டையில் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பழக்கூடை, அந்தக் கடையிலேயே பொருள் வாங்கிக்கொள்ள ஒரு கூப்பன். ஷிப்டில் இருந்திருந்தால் கம்பெனி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் விரல் வைத்து வெளியே போய்விட்டு, திரும்பச் சாமான் வாங்க வந்த இடத்தில், ரேக்கில் கால் வைத்து ஏறி விழுந்து இப்படி ஆகிவிட்டது என்று வருத்தப்பட்டார்கள். அண்ணன் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். அதிகம் பேச மாட்டான்.

"சாமான் வாங்க வந்தவ எதுக்கு ரேக் மேல கால வச்சு ஏறினா?" என்று கேட்டான்.

"எட்டாத பொருள எடுக்கப் பார்த்திருப்பாங்க."

"எட்டாததா? என் பொண்டாட்டி எங்க வீட்டு ஒட்டடைய நின்ன இடத்துலேருந்து கையால தட்டுவா சார்."

அவர்கள் வருத்தத்தை மறுபடி தெரிவித்துவிட்டுப் போனார்கள். அண்ணன் கூப்பனைத் தொடவில்லை. சில்லறையைப் பார்த்து, "அப்போ நீ எங்க இருந்த?" என்றான்.

"நான் அதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன்ணா."

பொய். ஆனால் அவள்தான் என்ன செய்வாள்? பெயிண்ட் வேலை இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. வீட்டு வாடகை, அண்ணன் மகளின் படிப்பு, அடுப்பு எரிவது எல்லாம் இரண்டு பெண்களின் சம்பளத்தில் நடந்தது. இப்போது ஒருத்தியின் சம்பளத்தில். அந்த வேலையும் போனால் மூன்று பேரும் நடுத்தெருவில். அண்ணன் பிரஷ்களைக் கழுவக் கொல்லைப்பக்கம் போனான். மறுநாள் தொழிலாளர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டு வந்தான்.

சோப்பு வரிசை விஷயம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. காலையில் வந்து பார்த்தால் மேல் தட்டு நிரம்பியிருக்கும். ஒவ்வொரு கட்டியும் பெயர் முன்னால் தெரிய, நூல் பிடித்த மாதிரி அடுக்கியிருக்கும். அண்ணியின் அடுக்கு அது. நீ செய்தாயா, நீ செய்தாயா என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டார்கள். பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். ஆணியில் தொங்கிய அண்ணியின் கோட்டை யாரும் தொடவில்லை. அந்தப் பக்கம் போகும்போது பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

புன்னகைக்கு மட்டும் ரொம்பத் திருப்தி. "பார்த்தீங்களா, மனசு வச்சா முடியுது" என்றார். அந்த வரிசைக்கு வைத்திருந்த புது ஆளை வேறு மாடிக்கு மாற்றிவிட்டார். உயிரோடு இருந்தவரை அரைகுறைக் கூலி கொடுத்த கடை, செத்த பிறகு அதுவும் கொடுக்காமல் வேலை வாங்கியது. எந்தச் சட்டத்தில் போய் இதை எழுதுவது?

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. கனமான பெட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பு வரிசையின் கீழே விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். முதலில் விட்டது யார் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். துணி சோப்பு, பிறகு தரை துடைக்கும் திரவம், பிறகு எண்ணெய் டின். அந்த வரிசைக்குச் சம்பந்தமே இல்லாத எண்ணெய் டின்கூட, மறுநாள் போனால் அதனதன் இடத்தில் இருந்தது. எல்லாருக்கும் முதுகு வலி, எல்லாருக்கும் வீட்டில் ஆயிரம் வேலை. பயந்துகொண்டேதான் விட்டார்கள், ஆனால் விட்டார்கள். ஒரு நாள் சில்லறைக்கும் காய்ச்சல். மாவு மூட்டை இரண்டைத் தள்ளிக்கொண்டு போய் அங்கே வைத்தாள். வைத்துவிட்டு, "அண்ணி, இன்னிக்கு மட்டும்" என்று முணுமுணுத்தாள். திரும்பி நடக்கும்போது, பின்னால் அந்த மூட்டை தரையிலிருந்து கிளம்பும் சரசரப்புக் கேட்டது. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

கண்ணாடி போட்ட பெரியவர் வந்து உப்பைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதற்கு மறுநாள், பிற்பகலில், எல்லாரும் விரல் வைத்தாகிவிட்ட நேரத்தில், கைப்பையும் குடையுமாக ஓர் அம்மாள் கடைக்குள் வந்தார். வண்டி எடுக்கவில்லை. எந்தப் பொருளையும் தொடவில்லை. தள்ளுவண்டியோடு நடக்கும் பெண்களை மட்டும் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வரிசையாகப் போனார். யாரோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். தொழிலாளர் அதிகாரி என்று காதோடு காதாகச் செய்தி ஓடியது. புன்னகை வேகமாக வந்து, உதட்டை அசைக்காமல், "எல்லாரும் கஸ்டமர். ஞாபகம் இருக்கட்டும்" என்று ஒவ்வொருத்தியையும் தாண்டிப் போனார்.

அந்த அம்மாள் சோப்பு வரிசைக்கு வந்தபோது அங்கே சில்லறை மட்டும் இருந்தாள். சற்று முன் யாரோ விட்டுப்போன பெட்டிகளை எடுத்துவிடத்தான் வந்திருந்தாள். இனிமேல் இந்த வரிசையில் யாரும் எதையும் விடக்கூடாது என்று அவளுக்குள் ஒரு வைராக்கியம். அதிகாரி செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். அண்ணன் கொடுத்த படம். அண்ணி வீட்டு வாசலில் நிலை இடிக்காமலிருக்கத் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறாள்.

"இவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

அதே இடம். அதே கேள்வி. வரிசையின் கோடியில் புன்னகை கையைக் கட்டிக்கொண்டு நின்றார், முகத்தில் அதே சிரிப்பு. சில்லறைக்கு வாடகை கண் முன்னால் வந்தது, அண்ணன் மகள் வந்தாள். அவள் வாயைத் திறந்தாள்.

"தெரியாதுங்க."

சொன்னது அவள் இல்லை. குரல் அவளுக்கு வலது பக்கத்திலிருந்து, அவள் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்திலிருந்து வந்தது. அதிகாரியும் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார். "யாரது?" என்றார். பொருள் தேடி வந்தவர்களுக்குப் பட்டது, எதையும் வாங்க வராத அவர் கண்ணுக்குப் படவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

சில்லறைக்குப் பட்டது. கீழ்த் தட்டின் விளிம்பில் ஒரு கால், கையில் பெட்டி, அன்றைக்குக் கட்டியிருந்த அரக்குச் சேலை. பின்னங்கழுத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. நாத்தனாருக்கு வேலை போய்விடக்கூடாது என்று, தன்னைத் தெரியாது என்று தானே சொல்லிவிட்டு நின்றாள் அண்ணி. சில்லறைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எப்பேர்ப்பட்டவளை அவள் தெரியாது என்று சொல்லியிருக்கிறாள்.

அப்போதுதான் அந்தப் புருவத்தைப் பார்த்தாள். அது உயர்ந்து, நேராக அதிகாரி நின்ற பக்கத்தைக் காட்டியது. வாய் தெரியாது என்று சொன்னால் வழி புருவத்தில் இருக்கும், அது எத்தனை நாள் பழக்கம். விழுந்து கிடந்த அன்று அது எந்தப் பக்கம் உயர்ந்தது என்பதும் இப்போது அவளுக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கு உயர்ந்த இடது புருவம் வாசல் பக்கத்தைக் காட்டியது. கூட வா என்றுதான் அண்ணி கூப்பிட்டிருக்கிறாள்.

"தெரியும்" என்றாள் சில்லறை. "எங்க அண்ணி. இங்கதான் வேலை செஞ்சாங்க. விழுந்தப்பவும் வேலைதான் செஞ்சிட்டு இருந்தாங்க, இதே தட்டுல. விரல் வச்சதுக்கு அப்புறமும் செய்வோம், எல்லாரும். நானும் இப்ப சாமான் வாங்க வரல."

"மேடம், அவங்க துக்கத்துல இருக்காங்க, ஏதோ குழம்பி..." என்று புன்னகை அருகில் வந்தார்.

"குழம்பல சார். விழுந்த அன்னிக்கு யாருன்னு கேட்டப்போ தெரியாதுன்னு சொன்னேன். அதுதான் பொய். எழுதிக்கோங்க மேடம்."

அதிகாரி எழுதிக்கொண்டார். மற்ற பெண்களையும் ஒவ்வொருத்தியாகக் கேட்டார். இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு தெரியாதுங்க என்றார்கள். அவர்களைக் குறை சொல்லச் சில்லறைக்கு என்ன தகுதி இருக்கிறது?

மாலையில் அவள் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கிளம்பிவிட்டேன் என்றது பொய் என்று சொன்னாள். தெரியாதுங்க என்று சொன்னதைச் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்து, காய்ந்த பெயிண்டை நகத்திலிருந்து சுரண்டிக்கொண்டே கேட்டான். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"நீ அத சொன்னப்போ அவளுக்கு நினைவு இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணா. என்னத்தான் பார்த்துட்டு இருந்தாங்க."

அவன் எழுந்து போய்விட்டான். அவளோடு பேச அவனுக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகலாம். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மகளை அனுப்பி, அத்தையைக் கூப்பிடு என்று சொன்னான்.

மறுநாள் காலை விரல் மெஷின் அவள் விரலை ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள், வேறு விரலை வைத்தாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது. காவலாளி, "உன் பேர எடுத்துட்டாங்கம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சங்கடமாகச் சொன்னார். அவள் பின்வாசலிலிருந்து சுற்றிக்கொண்டு, வாங்க வருகிறவர்கள் நுழையும் முன்வாசல் வழியாக உள்ளே போனாள். அவளை யார் தடுக்க முடியும், இன்றைக்கு அவள் நிஜமாகவே கஸ்டமர்.

சோப்பு வரிசையில் மேல் தட்டு காலியாகக் கிடந்தது. நேற்று அவள் எடுக்காமல் விட்ட பெட்டிகள் விட்ட இடத்திலேயே இருந்தன. ஒன்றுகூட அசையவில்லை. அவள் அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். விளக்குகளின் ரீங்காரத்தைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. அண்ணிக்கு ஒருவழியாக ஷிப்ட் முடிந்துவிட்டது.

"ஏம்மா, உப்பு எங்க இருக்கு? முந்தாநேத்துலேருந்து தேடறேன்."

கண்ணாடி போட்ட பெரியவர். சில்லறையின் நாக்கில் பழைய பதில் தானாக வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"இதுக்கு அடுத்த அடுத்த வரிசைங்க. மாவுக்குக் கீழ, கடைசித் தட்டு. கல்லுப்பு இடது பக்கம், தூளுப்பு வலது பக்கம். வாங்க, நானே காட்றேன்."

அவர் அவளுடைய சேலையைப் பார்த்தார், கையில் வண்டி இல்லாததைப் பார்த்தார். "நீங்க இங்க வேலை செய்றவங்களா?" என்று சந்தேகமாகக் கேட்டார்.

"செஞ்சோம்ங்க" என்றாள் சில்லறை. "நானும் எங்க அண்ணியும்."